பங்குனி ஆமைக்கு ஒரு வாரம்

தாழந்துறையில் கடல் மேலே ஏறி வருகிறது என்று எல்லாரும் சொல்லுவார்கள். ஊர் கீழே இறங்கிப் போய்க் கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்டியதை ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். இரண்டும் நடந்ததுதான். இரணியலிலிருந்து வருகிற பஸ் கடைசியாக வந்து திரும்புகிற இடத்தில் பகவதியின் சாயாக்கடை. கடையை ஒட்டி ஒரு முடுக்கு தெற்கே போகும். எண்பது எட்டு வைத்தால் காலில் மணல் படும். முடுக்கு முடிகிற இடத்தில் இடதுகைப் பக்கம் லீலாபாயின் வீடு. வலதுகைப் பக்கம் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டிய ஒரு வேலி. வேலிக்குள் மூன்று குழி, குழிக்குள் பங்குனி ஆமையின் முட்டைகள்.

லீலாபாய்க்கு அறுபத்திரண்டு வயது. புருஷன் சுந்தர்சிங் மஸ்கட்டில் இருபது வருசம் கிரேன் ஓட்டினார். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு அறை, ஒரு சன்னல் என்று சேர்த்துச் சேர்த்துக் கட்டிய வீடு அது. கட்டி முடித்து நாலு வருசம்தான் அதில் இருந்தார், நெஞ்சுவலி வந்து போய்விட்டார். இப்போது மகன் பிரபின் அதே மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும், இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. வீட்டுக்கு இளநீலத்தில் பெயிண்ட் அடித்து, பந்தக்கால் நட இடமும் பார்த்து வைத்திருந்தாள்.

பகவதி அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். இருவரும் வேறு வேறு சாமியைக் கும்பிட்டாலும் பேச்சுக்குக் குறைவில்லை. பகவதி ஆமைக்காரியானதே ஒரு கூத்து. மூன்று வருசத்துக்கு முன்னால் வனத்துறைக்காரர்கள் ஊரில் கூட்டம் போட்டபோது, கூட்டத்துக்கு நாற்பது ரசவடை கொடுக்கப் போனாள். கொடுத்துவிட்டுச் சும்மா வராமல் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். திரும்பி வரும்போது கையில் ஒரு டார்ச்சும் ஒரு நோட்டும் இருந்தன. "வடை விக்கப் போனவ வனத்துறையில சேந்துட்டா" என்று புருஷன் வைகுண்டராஜன் வடசேரிச் சந்தையில் தேங்காய் இறக்கும் இடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். லீலாபாய் கூடச் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அவளுக்கு நாலு மணிக்குமேல் தூக்கம் கிடையாது.

வேலை என்று பார்த்தால் நடைதான். விடியுமுன் நாலு கிலோமீட்டர் கடற்கரையோரம் நடக்கவேண்டும். டிராக்டர் டயர் ஓடினாற்போல மணலில் தடம் கிடந்தால் ஆமை ஏறியிருக்கிறது. கம்பால் பையக் குத்தினால் முட்டை இருக்கிற இடத்தில் மணல் பொதுக்கென்று இறங்கும். நாய் வருமுன், கீரி வருமுன், முட்டையை எடுத்து வாளியில் அடுக்கி வேலிக்குள் கொண்டுவந்து, தோள்வரை கை போகிற ஆழத்தில் குழி தோண்டி இறக்கவேண்டும். வாய் குறுகி வயிறு அகன்ற குழி. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம்தான் மேலே இருக்கவேண்டும், புரட்டக்கூடாது. இட்ட அன்றைக்கே மாற்றினால் உண்டு. ஒருநாள் தாண்டிவிட்டால் உள்ளே உயிர் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப்பிறகு முட்டையை அசைப்பதும் கொல்லுவதும் ஒன்று.

போன வருசம் ஒன்பது குழி கிடைத்தது. இந்த வருசம் மூன்றே மூன்று, மூன்றும் பங்குனி முதல் வாரத்தில் வந்தவை. மூன்றிலுமாக முந்நூற்றுப் பதினாலு முட்டை. பகவதி பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. உச்சிவெயிலில் தென்னோலை வைத்து நிழல் கட்டுவாள். கடையில் ஆள் நின்றாலும் சாயாவை ஆற்றி நீட்டிவிட்டு முடுக்கில் ஓடுவாள்.

நாற்பத்துநாலாம் நாள் ரசலையன் வந்தான். கடலரிப்புக்குக் கல்லுப்போடுகிற வேலைக்கு மேஸ்திரி. நாலு வருசமாக ஊர் மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து, இப்போதுதான் கல் வந்திருக்கிறது. முதல் லாரியைப் பஸ் திரும்புகிற இடத்தில் நிறுத்திவிட்டு, முடுக்கில் நடந்துபோய் வேலியைப் பார்த்தான். திரும்பி வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தான்.

"தங்கச்சி, ஒரு கட்டஞ்சாயா. அந்த வேலி ஆருக்கது?"

"நம்மளுக்குதான் அண்ணாச்சி. ஆமைமுட்டை வச்சிருக்கு."

"நாளைக்கு அத எடுத்துரணும் கேட்டியளா. லாரி திரும்ப வேற எடமில்ல. ஒருபக்கம் வீடு, ஒருபக்கம் வேலி. வீட்ட இடிக்க முடியுமா?"

பகவதி சாயாவை அவன் முன்னால் வைத்தாள். "எடுக்க முடியாது அண்ணாச்சி. இப்பம் எடுத்தா ஒக்க செத்துப்போவும். ஒரு வாரம் பொறுங்க. ஏழே நாளு. குஞ்சு பொரிச்சுக் கடலுக்குப் போயிரும். பொறவு நானே வலையப் பிரிச்சுத் தாறேன்."

"ஏழு நாளா? சவத்த, லாரிக்காரனுக்கு ஆரு பதில் சொல்லுகது?"

"மேலத்தெருவுல முதல்ல போடுங்க. அங்கயும் போடணும்தானே?"

ரசலையன் சாயாவைக் குடித்து முடித்தான். கெட்ட மனுசன் இல்லை, வேலைக்காரன். "எனக்கு எங்க போட்டாலும் கல்லு கல்லுதான். ஆனா கடலுக்கு முன்ன நிக்கது அந்த நீலப் பெயிண்டு வீடு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எனக்க தலையிலதான் விடியும். அந்த வீட்டம்மா சரின்னு ஒரு கடுதாசி எழுதித் தரட்டும். நான் மேலத்தெருவுக்குப் போறேன்."

பகவதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். லீலாபாய் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தொலித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சாளைமீன் புளியோடு கொதித்துக்கொண்டிருந்தது. பகவதி நின்றபடியே எல்லாம் சொன்னாள்.

லீலாபாய் கத்தியைக் கீழே வைத்தாள். சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். போன ஆனியில் காம்பவுண்டுச் சுவரும் ஆறு தென்னையும் போனபிறகு, சன்னலுக்கும் தண்ணீருக்கும் இருபது எட்டுத்தான்.

"ஏழு நாளா பிள்ள?"

"ஏழே நாளு மைனி. சித்திரை மாசம். காத்து உண்டா? மழை உண்டா? கடல் எப்பிடிக் கெடக்குன்னு நீங்களே பாருங்க, குளம்போல கெடக்கு. காத்து இல்லாம கடல் ஏறுமா?"

"பிரபின் நேத்தும் விளிச்சான். கல்லு போட்டாச்சாம்மா, போட்டாச்சாம்மான்னு அதே கேள்வி."

"அவன் வரும்பம் கல்லு போட்டுக் கெடக்கும். நான் சொல்லுகேன்லா."

லீலாபாய் மிச்சக் கிழங்கை ஒதுக்கிவைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை. மூன்று வருசமாகக் கூட நடந்தவள், பக்கத்தில் வேறு துணையில்லாதவள், எப்படிச் சொல்லுவாள்? "பேனா எங்க வச்சேன்னு தெரியல்ல, அந்த வேதப்புஸ்தகத்துக்க உள்ள பாரு" என்றாள். கடுதாசி எழுதினாள். பிறகு பகவதியை உட்காரவைத்து கிழங்கும் மீனும் போட்டுக் கொடுத்தாள். பகவதி இரண்டாவதும் வாங்கித் தின்றாள். அந்த ருசி இன்றைக்கும் நாக்கில் வந்தால் அவளுக்குக் குமட்டும்.

நாலாம் நாள் மத்தியானம். வைகுண்டராஜன் சந்தையிலிருந்து வந்து பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். போனில் ஒரு மெசேஜ் வந்தது. எடுத்துப் படித்தான்.

"ஏட்டி, கள்ளக்கடல் எச்சரிக்கையாம். இன்னைக்கு ரெண்டரைக்கு மேல."

"போன வாரமும் வந்துது. அதுக்கு முந்தின வாரமும் வந்துது. வந்தா வந்த வழி போவும்."

"லீலாபாய் மைனிட்ட சொல்லீரு."

"சொல்லுகேன், சொல்லுகேன். இந்தச் சருவத்தக் கழுவீட்டுப் போறேன்."

கழுவினாள். பிறகு இரண்டு பேர் சாயாவுக்கு வந்தார்கள். பிறகு பால் பொங்கியது. கள்ளக்கடலுக்கு அந்தப் பெயரை எவன் வைத்தானோ, விவரம் தெரிந்தவன். காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும். எங்கேயோ ஆயிரம் மைலுக்கு அப்பால் அடித்த காற்றின் அலை, ஓசை காட்டாமல் நடந்துவந்து வீட்டுக்குள் ஏறும். உள்ளூர்க்காரர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. அறிந்தும் வானத்தைத்தான் பார்ப்பார்கள். வானம் தெளிவாகக் கிடந்தால் மனசும் தெளிந்துவிடும். பகவதியும் வானத்தைத்தான் பார்த்தாள்.

மூன்று மணிக்கு முடுக்கின் வழியே தண்ணீர் வந்து கடைப்படியைத் தொட்டது. நுரைகூட இல்லை. பகவதி கையில் இருந்த டபராவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். முட்டளவுத் தண்ணீர் இழுத்தது. முடுக்கின் முனையில் நின்றபோது இடதுபக்கம் லீலாபாயின் வீட்டுக்குள்ளிருந்து பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. "ஏட்டி பகவதி! ஓடி வாட்டி! அலமாரியப் பிடிக்க ஆளு வேணும்! ஏட்டி!"

கேட்டது. காதில் விழவில்லை என்று பிறகு யாரிடமும் அவள் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. வலதுபக்கம் வேலி சாய்ந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு குழியும் இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்தது. வெள்ளை வெள்ளையாக முட்டைகள் மிதந்து போயின. கால் வலதுபக்கம் திரும்பியது. மூளை சொல்லித் திரும்பியதா, காலே திரும்பியதா, சாமிக்குத்தான் வெளிச்சம். மூன்றாவது குழி கொஞ்சம் மேட்டில். வேலியோரம் அடுக்கியிருந்த மணல்மூட்டைகளை அதைச் சுற்றி இழுத்து இழுத்துப் போட்டாள். தன் உடம்பையே குறுக்கே போட்டுக் கிடந்தாள். பத்து நிமிசமா, கால்மணி நேரமா, தெரியாது. பின்னால் மளமளவென்று ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தபோது நீலச்சுவர் நடுவே பிளந்து, கடல் பக்கத்துப் பாதி அப்படியே முட்டுக்குத்தி உட்கார்ந்தது.

லீலாபாய் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் வேதப்புஸ்தகமும் இல்லை, பத்திரமும் இல்லை. மகனின் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பட்டுவேட்டி இருந்த அலமாரி கண்முன்னே அலையில் குப்புற விழுந்து போனது. வைகுண்டராஜன்தான் நீந்தாத குறையாக வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனான்.

அன்றைக்கு நாலு வீடு போனது, லீலாபாய் வீட்டின் மிச்சப் பாதியும் விடியுமுன் சரிந்தது. நாலு வீட்டாரையும் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். "எனக்க வீட்டுக்கு வாங்க மைனி" என்று பகவதி கூப்பிட்டதற்கு, "எல்லாரும் இஞ்சதான கெடக்கினும். நானும் கெடக்கேன்" என்றாள் லீலாபாய். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

மறுநாள் பகவதி கஞ்சியும் பயறும், தேங்காய்த் துவையலும் வைத்துச் சுமந்துகொண்டு போனாள். வராந்தாவில் பாய் விரித்திருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஜின்சி என்று ஒருத்தி, அவள் வீட்டுக் கூரையும் போயிருந்தது, வாயை அடக்கவில்லை.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாவ? இஞ்ச ஒருத்தி ஆமையக் கொண்டுவந்து ஊருக்குள்ளயே குடிவச்சா. கல்லு வந்த லாரியத் திருப்பிவிட்டா. மனுசனுக்க வீட்டவிட ஆமைக்க முட்டையா பெருசு? கொண்டுபோட்டி உனக்க கஞ்சிய!"

பகவதி சருவத்தை இறக்கிவைத்தாள். ஒருத்தரும் தட்டோடு வரவில்லை. லீலாபாய் மட்டும் எழுந்துவந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் குடிப்பதற்குள் போன் அடித்தது. பிரபின். பக்கத்தில் நின்ற பகவதிக்கும் அவன் கத்துவது கேட்டது.

"ஆரும்மா நிறுத்தச் சொன்னது? லாரி வந்து நின்னுதாம்லா! ஆரு நிறுத்தினது? அந்தச் சாயாக்கடைக்காரியா?"

"நான்தான் மக்கா."

"நீயா?"

"நான்தான். கடுதாசி எனக்க கையால எழுதினதுதான். ஆரையும் ஒண்ணும் சொல்லாத."

"அப்பாக்க இருவது வருசம்மா! ஒரு ஆமைக்கு..." மஸ்கட்டில் ஒரு ஆண்பிள்ளை ஏங்கி ஏங்கி அழுகிற சத்தம் தாழந்துறைப் பள்ளிக்கூட வராந்தாவில் கேட்டது. லீலாபாய் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். கஞ்சி ஆறிப்போனது.

பெண்வீட்டார் வந்து பார்த்தார்கள். நல்ல மனுசர்கள்தான், கூடவே இருந்து ஜெபமும் பண்ணினார்கள். போகும்போது, "கல்யாணம் கொஞ்சம் நீண்டு போகட்டும்" என்றார்கள். அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. நீண்டு போகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கல் மட்டும் கடல் ஏறிய மறுநாளே வந்தது. ரசலையன் பகவதியின் முகத்தைப் பார்க்கவில்லை. சாயாவும் கேட்கவில்லை. லாரி திரும்ப இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை, லீலாபாயின் வீடு இருந்த தரையிலேயே ஏறித் திரும்பியது. கிணறு இருந்த இடம், துளசியும் செம்பருத்தியும் நின்ற இடம், எல்லாவற்றின் மேலும் டயர் ஓடியது. மூன்றாவது குழியை யாரும் தொடவில்லை, தொடவேண்டிய தேவை வரவில்லை. அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்குக் கருங்கல் குவிந்தது. மேலத்தெரு முதல் கிழக்கே கண் எட்டுகிற தூரம்வரை கல். மணல் என்று பார்க்க வேலிக்குள் கிடந்த பாய் அகலம்தான் மிச்சம்.

"விட்டுருட்டி, போதும்" என்றான் வைகுண்டராஜன். "அதுவும் முங்கிச் செத்திருக்கும். இனி அங்க போவாத. ஊருக்க கண்ணுல நீ படாம இருந்தாலே போதும்."

போகாமல் இருக்க முடியவில்லை. செத்திருக்கட்டும் என்று ஒருமனசு வேண்டியது. செத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது, எல்லாருக்கும் போனது போல அதுவும் போனது. ஐம்பத்தோராம் நாள், வெளுக்கிற நேரம். மேல்மணல் கிண்ணம்போலக் குழிந்து, அசைந்தது. ஒரு மூக்கு வந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாகக் கறுப்பாக ஏறி வந்தன. நூற்றேழு முட்டையில் நாற்பத்தொரு குஞ்சு. மீதியைக் கைவிட்டுத் தோண்டிப் பார்த்தாள். முழுசாக உருவாகி, கண்கூட வந்து, ஓட்டுக்குள் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. பகவதி மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எல்லாவற்றுக்கும்தான்.

குஞ்சுகள் கடல் இரைகிற பக்கம் ஓடிப்போய்க் கல்லில் முட்டின. முட்டி மல்லாந்து, புரண்டு, திரும்பவும் முட்டின.

"ஏட்டி."

கல்லுக்குப் பக்கத்தில் லீலாபாய் நின்றாள். தோளில் ஒரு ரெக்சின் பை. பூதப்பாண்டியில் தங்கச்சி வீட்டுக்கு முதல் பஸ்ஸில் போகிறாள் என்று ஊர் சொல்லித்தான் பகவதிக்குத் தெரியும். வீடு இருந்த இடத்தை ஒருதடவை பார்க்க வந்திருப்பாள்.

"எத்தற?"

"நாப்பத்தொண்ணு மைனி."

லீலாபாய் பையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பகவதி குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாளியோட நேரா கடல்லயா விடப்போற? மேக்க கொண்டுபோயி எங்கயாவது மண்ணுல விடு. பத்தடியாவது மண்ணுல நடந்து போனாத்தான் கரைக்க ஓர்ம இருக்கும், வளந்து முட்டையிட இங்கயே வரும்னு வனத்துறைக்காரரு சொன்னாருல்லா? நீதான எனக்குச் சொல்லித்தந்த?"

"ஓர்ம வேண்டாம் மைனி." பகவதி நிமிரவில்லை. "இனி இங்க வந்து என்ன செய்ய? கல்லுல முட்டியா சாவ? வழிதெரியாமலே போவட்டு."

பகவதி முதலில் கல்மேல் ஏறினாள். கல் ஒன்றுக்கொன்று பிடியில்லாமல் கிடந்தது, பாசி பிடிக்காத புதுக்கல், கூரான விளிம்பு. லீலாபாய் கீழிருந்து வாளியைத் தூக்கிக் கொடுத்தாள். கொடுத்தவள் தானும் பின்னாலேயே ஏறி வந்தாள். அலை வந்து கல்லில் அடித்து வாங்குகிற இடத்தில் இருவரும் குந்தி உட்கார்ந்து, அலை வாங்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக விட்டார்கள். இரண்டு குஞ்சை அலை திரும்பக் கொண்டுவந்து கல்லிடுக்கில் சொருகியது. கையை விட்டுப் பார்த்தார்கள், எட்டவில்லை.

வாளி காலியானது. பகவதி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். இப்போது சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லமுடியாது.

"மைனி, அன்னைக்கு நீங்க விளிச்சது எனக்குக் கேட்டுது. நான் மொதல்ல இங்கதான் ஓடினேன்."

லீலாபாய் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றாள். "அடுக்களைச் சன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் நின்னேன். இப்பம் திரும்புவா, இப்பம் திரும்புவான்னு."

மேலே சாலையில் பஸ் வந்து திரும்புகிற சத்தம் கேட்டது. லீலாபாய் எழுந்தாள். பகவதி அவசரமாக முன்னால் ஏறி, தூக்கிவிடக் கையை நீட்டினாள். லீலாபாய் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறித் தானாகவே ஏறினாள்.